பிள்ளைக் காவலும் பொழுதின் கணக்கும்

நாளொன்றுக்கு 24 மணித்தியாலம் என்பது செல்வர்க்கும் வறியவர்க்கும் பொதுவான முதல். அம்முதலை யார் எவ்வாறு செலவிடுகின்றனர் என்று ஆராய்வதே நேரப் பயன்பாட்டு அளவீடு. விளைச்சலையும் வருமானத்தையும் கணக்கெடுத்துப் பழகிய அரசாங்கங்கள், கூலி பெறாத வீட்டு உழைப்பையும் அறிய விரும்பியபோது இம்முறையை நாடின. ஆயின், அவ்வாறு கணக்கெடுக்கப் புகுந்தோரைப் பெரிதும் திகைக்கச் செய்தது மிக எளிதாகத் தோன்றும் ஒரு செயல். அதுவே பிள்ளை பார்த்தல்.

முல்லைத்தீவு மாவட்டத்திலே, முள்ளியவளைக்கு அண்மையிலுள்ள தண்ணீரூற்றில் வாழும் ஒரு தாயை எண்ணிப் பார்ப்போமாக. அவளுக்கு இரண்டு வயதில் ஒரு குழந்தை உண்டு. குழந்தையைக் குளிப்பாட்ட 20 நிமிடம், உணவூட்ட 30 நிமிடம், ஏணையில் இட்டு உறங்கவைக்க 20 நிமிடம், விளையாட்டுக் காட்ட 20 நிமிடம் அவள் செலவிடுகிறாள். கூட்டினால் ஒன்றரை மணித்தியாலம். இவ்வேளைகளில் அவளுடைய கைக்கும் கருத்துக்கும் குழந்தையே வேலை. இதனை முதன்மைப் பராமரிப்பு என்பர்.

அதே தாய் அடுப்படியில் 2 மணித்தியாலம் சமைக்கிறாள். கிணற்றடியில் 1 மணித்தியாலம் துணி துவைக்கிறாள். வளவிலே கச்சான் பாத்தியில் 2 மணித்தியாலம் களை பிடுங்குகிறாள். மாலையில் அயலவளோடு 1 மணித்தியாலம் பேசியிருக்கிறாள். இந்த 6 மணித்தியாலமும் குழந்தை அவள் பொறுப்பிலேயே உள்ளது. குழந்தை கிணற்றுக் கட்டை நெருங்குகிறதா, கொள்ளிக்கட்டையைத் தொடப் போகிறதா என்று ஒரு கண்ணும் ஒரு காதும் ஓயாது காத்திருக்கின்றன. கை ஒரு வேலையிலும் கவனம் மற்றொன்றிலும் நிற்கும் இந்நிலையே துணைநிலைப் பராமரிப்பு.

இத்தாயிடம் மூவர் தனித்தனியே சென்று வினவுவதாகக் கொள்வோம். முதலாமவர், “இந்நேரத்தில் என்ன செய்தீர்கள்?” என்று மட்டும் கேட்கிறார். விடை ஒன்றரை மணித்தியாலம். இரண்டாமவர், “அதே நேரத்தில் வேறு ஏதாவது செய்தீர்களா?” என்றும் கேட்கிறார். தாய் சிந்தித்து, பேசியிருந்த மாலைப்பொழுதில் பிள்ளையையும் பார்த்ததாகச் சொல்கிறாள். சமையலின்போதும் களையெடுப்பின்போதும் பார்த்ததைச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. மூச்சு விடுவதை எவரும் வேலையென்று சொல்வதில்லையன்றோ? ஆகவே விடை இரண்டரை மணித்தியாலம். மூன்றாமவர், “எந்தெந்த நேரங்களில் பிள்ளை உங்கள் பொறுப்பில் இருந்தது?” என்று கேட்கிறார். விடை ஏழரை மணித்தியாலம்! தாய் ஒருத்தி; பிள்ளை ஒன்று; நாளும் ஒன்றே. வினா மாறியதால் விடை ஐந்து மடங்காயிற்று.

உலக நாடுகளின் புள்ளிவிபரங்களை ஒப்பிடுவதிலுள்ள இடர்ப்பாடு இதுவே. 1965ஆம் ஆண்டளவில் ஹங்கேரி நாட்டு அறிஞர் அலெக்சாண்டர் சாலாய் தலைமையில் 12 நாடுகளில் நேரப் பயன்பாடு ஒரே முறையில் ஆராயப்பட்டது. பின்னர், வெவ்வேறு நாடுகள் தத்தம் முறையிலே திரட்டிய நாட்குறிப்புகளை ஒரே சட்டகத்துள் கொணரும் பணியை ஜொனதன் கேர்ஷனி இங்கிலாந்திலே தொடங்கினார். இவ்வாறு ஒழுங்கிசைவு செய்யப்பட்ட தரவுகளால், நாடுகளையும் காலங்களையும் ஒப்புநோக்குதல் இயல்வதாயிற்று. எனினும், ஒருபோதும் கேட்கப்படாத வினாவுக்கு எந்த ஒழுங்கிசைவும் விடை தர மாட்டாது.

ஐரோப்பிய நாடுகளின் பொது நெறிமுறையிலே, நாள் 10 நிமிடக் கூறுகளாகப் பிரிக்கப்படுகிறது; முதன்மைச் செயலோடு துணைச் செயலும், உடனிருந்தவர் யார் என்பதும் குறிக்கப்படுகின்றன. 2003ஆம் ஆண்டு தொடங்கிய அமெரிக்க அளவீட்டிலோ, 13 வயதுக்குட்பட்ட பிள்ளை எப்போது பொறுப்பில் இருந்தது என்ற தனி வினா உண்டு. காலையில் முதற்பிள்ளை விழித்தது முதல் இரவில் கடைசிப் பிள்ளை உறங்கச் சென்றது வரையுள்ள நேரமே அதற்குக் கணக்காகும். இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நடைபெற்ற அளவீட்டில், 6 வயதும் அதற்கு மேலும் உடையோரிடம் 30 நிமிடக் கூறுகளாகத் தகவல் பெறப்பட்டது. இலங்கையில் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் தனது முதலாவது தேசிய நேரப் பயன்பாட்டு அளவீட்டை 2017இல் நடத்தியது. இவற்றின் எண்களை வெறுமனே அருகருகே வைத்து, ஒரு நாட்டுத் தாய்மார் மற்றொரு நாட்டுத் தாய்மாரினும் பிள்ளைகளை அதிகம் பேணுகின்றனர் என்று முடிவு கட்டுதல், படியால் அளந்த நெல்லையும் தராசில் நிறுத்த நெல்லையும் எண்ணளவில் ஒப்பிடுவது போன்றதாகும்.

உடனிருந்தவர் யார் என்ற குறிப்பைக் கொண்டு துணைநிலைப் பராமரிப்பை ஊகிக்கலாம் என்பர் சிலர். அது ஓரளவே பொருந்தும். திண்ணையிலே கண்ணயர்ந்த தகப்பனின் அருகில் பிள்ளை விளையாடினால், உடனிருப்பு உண்டு, காவல் இல்லை. தாய் குசினியிலும் பிள்ளை முற்றத்திலும் இருந்தால், உடனிருப்பு இல்லை, காவல் உண்டு.

துணைநிலை நேரத்தை மற்றைய நேரங்களோடு கூட்டினால் நாள் 24 மணித்தியாலத்தைத் தாண்டிவிடும். தாயும் அம்மம்மாவும் ஒரே குழந்தையைத் தம் பொறுப்பென்று சொன்னால், குழந்தையின் ஒரு மணித்தியாலம் இருமுறை எண்ணப்படும். ஆகையால், நல்ல ஆய்வாளர் முதன்மை நேரத்தை ஒரு நிரலிலும் துணைநிலை நேரத்தை மற்றொரு நிரலிலும் தனித்தனியே காட்டுவர். பிள்ளையின் வயதெல்லையையும் உறக்க நேரத்தையும் எல்லா நாடுகளுக்கும் ஒரே விதமாக வரையறுப்பர். வினா ஒத்திருக்கும் நாடுகளை மாத்திரமே ஒப்பிடுவர். ஐக்கிய நாடுகள் சபையின் 2016ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுச் செயல் வகைப்பாட்டிலே, பிள்ளைகளைக் கவனித்திருத்தல் என்பதற்குத் தனி இலக்கம் வழங்கப்பட்டுள்ளது. ஆயினும், ஏட்டிலே இடம் இருந்தாற் போதாது; அவ்விடத்தை நிரப்பும் வினாவும் வேண்டும்.

இவை புள்ளிவிபர அறிஞரின் நுண்வாதங்கள் என்று தள்ளிவிடற்பாலன அல்ல. 2009இல் போர் முடிந்தபின், வன்னியில் பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் பல. ஒன்றரை மணித்தியாலம் என்ற எண்ணைக் காணும் அதிகாரி, அத்தாய்க்கு ஓய்வு மிகுதி என்றே எண்ணுவார். தொழிற்பயிற்சிக்கு ஏன் வரவில்லை, கூலி வேலைக்கு ஏன் போகவில்லை என்று கேட்பார். ஏழரை மணித்தியாலம் என்ற எண்ணைக் காண்பவருக்கோ வேறொரு வினா எழும்: அவள் வெளியே சென்றால் குழந்தையை யார் பார்ப்பது? களையெடுப்பைப் பிள்ளையோடு செய்யலாம்; பேருந்தேறிச் சென்று செய்யும் வேலையைப் பிள்ளையோடு செய்ய இயலாது. இலங்கையில் தொழிற்படையில் சேரும் பெண்கள், வேலை செய்யும் வயதினருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. அதன் காரணங்களுள் ஒன்று, எந்த நிரலிலும் எழுதப்படாத இக்காவலே. பகல் முழுவதும் நடக்கும் பிள்ளைப் பராமரிப்பு நிலையம் ஒரு கிராமத்துக்குத் தேவையா என்பதை முதன்மை நேரத்தைக் கொண்டு மட்டும் தீர்மானித்தால், தேவையில்லை என்ற தவறான விடையே கிடைக்கும்.

ஐக்கிய நாடுகள் சபை 2015இல் வகுத்த நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளுள் ஐந்தாவது, ஊதியமற்ற பராமரிப்பை அறிந்து மதிக்குமாறு கூறுகிறது. அறிதலே மதித்தலின் முதற்படி. கணக்கெடுப்பாளர் வாயிலுக்கு வந்து, “நேற்று என்ன செய்தீர்கள்?” என்று கேட்கும்போது, “சமைத்தேன்” என்பதோடு நில்லாது, “சமைத்துக்கொண்டே பிள்ளையையும் பார்த்தேன்” என்று ஒரு தாய் சொல்வாளாயின், அவ்விடை அவளுக்கும் அவள் ஊருக்கும் பயன் தரும். அதனைச் சொல்ல இடந்தரும் வினாவைக் கேட்பது கணக்கெடுப்போர் கடமை.