உங்களுக்குத் தெரியுமா? – ஆளில்லாக் கடையின் சில்லறைப் பாடு

● கல்லாவில் ஆளே இல்லாத கடைக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வயது. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஹீரோன், கோயில் தீர்த்தம் தரும் பெட்டி ஒன்றை விவரித்து எழுதிவைத்தார். 5 திராக்மா நாணயம் உள்ளே ஒரு தட்டில் விழும்; அதன் பாரத்தில் தட்டு சாய, அடைப்பு திறந்து தண்ணீர் வரும். காசு சரிந்து விழுந்ததும் அடைப்பு தானாக மூடிக்கொள்ளும். கூடுதலாக ஒரு கை தீர்த்தம் பிடிக்க வழியே கிடையாது!

● அமெரிக்காவில் கோக்கின் விலை 1886 தொடங்கி 1950கள் வரை 5 சென்ட்டைத் தாண்டவில்லை. முக்கியக் காரணங்களில் ஒன்று வெண்டிங் மெஷின். அதற்குள் போனது 5 சென்ட் நாணயம் ஒன்றுதான். விலையை ஏற்றினால் அடுத்த நாணயமான 10 சென்ட்டுக்குத் தாவ வேண்டும். ஒரே நாளில் இரு மடங்கு விலையென்றால் யார் வாங்குவார்கள்? நிறுவனத்தில் செல்வாக்கு மிக்கவரான ராபர்ட் உட்ரஃப், 1953இல் தன் நண்பரும் அதிபருமான ஐசனோவரிடம் ஏழரை சென்ட்டுக்கு ஒரு புது நாணயம் வெளியிடும்படி கேட்டுப் பார்த்தார். அரசு மசியவில்லை.

● ஜப்பானின் 500 யென் நாணயமும் தென்கொரியாவின் 500 வோன் நாணயமும் 1982இல் வந்தவை. இரண்டும் 26.5 மி.மீ. விட்டம், ஒரே உலோகக் கலவை. கொரியக் காசு அரை கிராம் கனம் கூடுதல், மதிப்போ பல மடங்கு குறைவு. விடுவார்களா? அதில் துளையிட்டுக் கனத்தைக் குறைத்து ஜப்பானிய மெஷின்களை ஏமாற்றினார்கள். தொல்லை தாங்காமல் 2000ஆம் ஆண்டில் 500 யென்னின் உலோகத்தையே மாற்றினார்கள்.

● அமெரிக்கா இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டது. 2000இல் புது ஒரு டாலர் நாணயம் பொன்னிறத்தில் வந்தது. ஆனால் அளவு, எடை, மின்காந்தத் தன்மை மூன்றும் 1979ஆம் ஆண்டு டாலர் நாணயத்தைப் போலவே இருக்கும்படி செய்தார்கள். ஊரெங்கும் உள்ள மெஷின்கள் மாற்றமின்றி அதை ஏற்க வேண்டுமே.

● அமெரிக்க மத்திய அரசுக் கட்டடங்களில் சிறுகடை நடத்தப் பார்வையற்றோருக்கு முன்னுரிமை தரும் சட்டம் 1936இலேயே வந்துவிட்டது. 1974இல் செய்த திருத்தம், அங்குள்ள மெஷின்களின் வருமானத்திலும் அவர்களுக்குப் பங்கு தந்தது. நம் ஊரும் காப்பியடிக்க வேண்டிய சட்டம்.

● சிப்ஸ் பாக்கெட்டைத் தள்ளுவது ஒரு சுருள் கம்பி. ஒரு சுற்றுக்கு ஒரு பாக்கெட். புது ரக மெஷின்களில் கீழே அகச்சிவப்புக் கதிர் ஒன்று காவல் இருக்கும். பாக்கெட் அதைக் கடக்காவிட்டால் கம்பி இன்னொரு சுற்று சுற்றும், அல்லது பணம் திரும்பிவிடும். அந்தக் கதிர் இல்லாத பழைய மெஷினை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குபவர், கடுப்பில் விழும் அடி உதைக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார்.

● தொழிலின் உயிர் இடம். மருத்துவமனைக் காத்திருப்புக் கூடம், இரவு ஷிப்ட் ஓடும் ஆலை என்று வேறு கடை திறந்திராத இடமாகப் பிடித்தவர் பிழைத்தார். இடம் தந்தவர் வாடகையோ விற்பனையில் பங்கோ கேட்பார். அதைப் பேசி முடித்துவிட்டு மெஷின் விலையை விசாரிப்பது நல்லது. சரக்கு நிரப்பும்போது பழையது முன்னால், புதியது பின்னால்.

● சென்னை கோயம்பேடு சந்தையில் 2022இல் வைத்த மெஷினில் 10 ரூபாய் நாணயம் போட்டால் மஞ்சப்பை வரும். அதே நாணயத்தை ‘செல்லாது’ என்று பல கடைகள் தள்ளியதால், 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018இல் அறிவிக்க வேண்டியிருந்தது. வதந்தியை நம்பாத கடைக்காரர் மெஷின்தான்.

● 2023இல் ரிசர்வ் வங்கி இன்னொரு மெஷினை அறிவித்தது: யுபிஐயில் பணம் செலுத்தினால் சில்லறை தரும். 12 நகரங்களில் முன்னோட்டம். யுபிஐ மட்டுமே ஏற்கும் மெஷின் வைப்பவர் சில்லறைக் கவலையை மறந்துவிடலாம். ஆனால் செல்போன் சிக்னல் எட்டாத அடித்தளத்தில் வைத்தால் கடை திறந்திருந்தும் வியாபாரம் நடக்காது.