குளிர்ந்த நெருப்பு

கல்யாணத் தரகரை உங்களுக்குத் தெரியுமல்லவா? இரண்டு குடும்பங்களைச் சேர்த்து வைத்துவிட்டு, தாம்பூலத்தை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். ரசாயனத்திலும் இப்படி ஒரு தரகர் உண்டு. கிரியா ஊக்கி என்று பெயர். தான் தீராமலே மற்றவற்றைச் சேர்த்து வைக்கும்.

எண்ணெயை வனஸ்பதியாக இறுகச் செய்ய உதவுவது நிக்கல் தூள். மோட்டார் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடைக் கரியமில வாயுவாக மாற்றி வைப்பவை பிளாட்டினமும் பல்லேடியமும். அந்த விஷ வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. அடைத்த அறையில் கரியடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் பலர் எழுந்திராமலே போனதற்கு அதுதான் காரணம்.

பிளாட்டினம் மலிவான சரக்கா, என்ன? சிக்கனம் வேண்டாமா? வெல்லக் கட்டியைவிடப் பொடித்த வெல்லம் சீக்கிரம் கரைகிறது. அதுபோல, உலோகத்திலும் மேற்பரப்புதான் வேலை செய்கிறது. ஆகவே அதைச் சில நானோமீட்டர் அளவுத் துகள்களாக்கி, அலுமினா போன்ற ஆக்ஸைடுத் தூளின்மேல் பதித்து வைக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர்! எதற்கும் அசையாத தங்கம்கூட அவ்வளவு சிறிதானால் சுறுசுறுப்பாகிவிடுகிறது. இரும்பு ஆக்ஸைடு போன்றவற்றின்மேல் பதித்த தங்கம், பூஜ்யத்துக்குக் கீழே 70 டிகிரிக் குளிரிலும் கார்பன் மோனாக்ஸைடை மாற்றுவதை ஜப்பானிய விஞ்ஞானி ஹருதா 1980-களில் காட்டினார்.

இங்கேதான் சங்கடம். உலோக உப்புக் கரைசலில் ஆக்ஸைடுத் தூளை ஊறவைத்து உலர்த்தி, ஹைட்ரஜனில் பல நூறு டிகிரி காய்ச்சுவது பழைய வழி. சூடு மிஞ்சினால் துகள்கள் நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டி, உப்புமா போலக் கட்டி தட்டிவிடும். பொடித்த பயன் போயிற்று!

இதற்குக் கிடைத்த உபாயம் பிளாஸ்மா. 1928-ல் லாங்மியூர் வைத்த பெயர். எரியும் குழல் விளக்குக்குள் இருப்பதும் பிளாஸ்மாதான். அதில் எலெக்ட்ரான்களின் உஷ்ணம் பத்தாயிரம் டிகிரிக்கு மேல். ஆனால் அவை மிக லேசானவையாகையால் வாயு அவ்வளவாகச் சுடுவதில்லை.

உலர்ந்த தூளைக் கண்ணாடிக் குழாயில் வைத்துக் காற்றை இறைத்துவிட்டு, சிறிது ஆர்கான் வாயுவை விட்டு மின்சாரம் செலுத்துகிறார்கள். வாயு ஒளிர்கிறது. எலெக்ட்ரான்கள் உப்பிலுள்ள உலோக அயனிகளை உலோகமாக்கிவிடுகின்றன. அடுப்புச் சூடு இல்லாததால் துகள்கள் சிறியவையாகவே நிற்கின்றன.

சோதனைச்சாலையில் சிட்டிகைத் தூளுக்குச் செய்வது எளிது. மூட்டை மூட்டையாகச் செய்வதுதான் கஷ்டம். பிளாஸ்மா தூளின் உள்ளடுக்குவரை எட்டவேண்டுமே! நாலு பேருக்குக் கிளறிய கைப்பக்குவம் நானூறு பேர் பந்திக்கும் வரவேண்டாமா? விஞ்ஞானிகள் இப்போது பழகிக்கொண்டிருப்பது அந்தப் பக்குவத்தைத்தான்.