நோய்க்குறியும் நோய்முதலும்

பழைய மோட்டார் வண்டி வைத்திருப்போர் பலரும் கண்ட காட்சி இது. ஓட்டுநர் முன்னுள்ள பலகையில், எஞ்சின் வடிவில் ஒரு சிறு விளக்கு மஞ்சளாக எரியும். பட்டறைக்காரர் ஒரு கருவியை இணைப்பார். அது ஒரு குறியீட்டைக் காட்டும். உடனே ஓர் உறுப்பு மாற்றப்படும், பணமும் செலவாகும். சில நாட்களில் விளக்கு மீண்டும் எரியும். பிழை குறியீட்டில் இல்லை. அதனைப் படித்த முறையிலேயே உள்ளது.

குறியீடு என்பது யாது? அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் முதல் பொதுவான குறியீட்டு முறை கட்டாயமாயிற்று. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இல் அத்தகைய விதி வந்தது. ஒவ்வொரு குறியீட்டிலும் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் இருக்கும். 'பி 0302' என்பதை எடுத்துக்கொள்வோம். 'பி' என்பது எஞ்சினும் கியர்ப் பெட்டியும் சேர்ந்த பகுதி. சுழி, இக்குறியீடு எல்லா நிறுவனங்களுக்கும் பொது என்பதைக் காட்டும். மூன்று, எரியூட்டல் பற்றியது. இறுதியிலுள்ள 02, இரண்டாம் சிலிண்டரைச் சுட்டும். அந்தச் சிலிண்டரில் எரிபொருள் சரிவர எரியவில்லை என்பதே முழுப் பொருள்.

எரியவில்லை என்றுதான் குறியீடு சொல்லிற்று. ஏன் என்று சொல்லவில்லை. ஸ்பார்க் பிளக் தேய்ந்திருக்கலாம், காயில் பழுதாகியிருக்கலாம். கூலண்ட் எனப்படும் குளிர்விப்பு நீர் சிலிண்டருக்குள் கசிந்தும் இருக்கலாம். மூன்றாவதே அச்சத்திற்குரியது.

ரேடியேட்டர் மூடி நீரை அழுத்தத்தில் வைத்திருப்பதால், அந்நீர் 100 பாகை செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். கசிவு ஏற்பட்டால் அழுத்தம் குறையும். நீர் விரைவில் கொதிக்கும். பழைய வண்டியில் ரப்பர்க் குழாய், நீர்ப் பம்பு, ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பகுதி ஆகியவற்றில் கசிந்தால் தரையில் நிறக் கறை தெரியும். ஹெட் கேஸ்கட் வழியே உள்ளே கசிந்தாலோ தரை உலர்ந்தே இருக்கும். நீர் மட்டும் குறைந்துகொண்டே போகும்.

இதனைக் கண்டறிவது எவ்வாறு? இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் முடுக்கும்போது எஞ்சின் நடுங்கிப் பின் சீராகிறதா என நோக்குக. புகைக்குழாயில் இனிய மணமுடைய வெண்புகை நெடுநேரம் வருகிறதா, எஞ்சின் எண்ணெய் பால் தேநீர் நிறமாகியுள்ளதா எனவும் காண்க. பட்டறையில் பிளக்குகளைக் கழற்றினால், நீர் புகுந்த சிலிண்டரின் பிளக் மட்டும் கழுவியதுபோல் இருக்கக்கூடும். ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீல நிறத் திரவம் ஒன்றும் உண்டு. எரிந்த வாயு குளிர்விப்பு நீரில் கலந்திருந்தால், பெட்ரோல் வண்டியில் அது மஞ்சளாக மாறும்.

இங்கு மூன்று எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, குறியீட்டை அவசரப்பட்டு அழித்தல் ஆகாது. பழுது நேர்ந்தபோது எஞ்சினின் வெப்பமும் வேகமும் எவ்வளவு என்ற பதிவும் அதனுடன் அழிந்துவிடும். எஞ்சின் குளிர்ந்திருந்தபோதுதான் பழுது நேர்ந்தது என்று சொல்லக்கூடிய சான்று அது. இரண்டாவது, வெப்பங்காட்டும் முள்ளை மட்டும் நம்புதல் ஆகாது. நீர் வற்றிவிட்டால் உணரி வெறும் ஆவியிலும் காற்றிலும் நிற்கும். எஞ்சின் வேகும்போதும் முள் தாழ்ந்தே இருக்கக்கூடும். அப்படியே ஓட்டினால் அலுமினியத் தலைப்பகுதி வளைந்து, எஞ்சினே பாழாகும். மூன்றாவது, சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறத்தல் ஆகாது. கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும்.

பிணி இன்னதென்று தெளிதல் முதற்படி. அதன் காரணத்தை அறிதல் அடுத்தபடி. தீர்க்கும் வழி அதன் பின்னரே. 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவர்க்கு வைத்த வரிசை இது. விளக்கும் குறியீடும் நம்மை முதற்படியில் கொண்டுபோய் நிறுத்துகின்றன. அடுத்த படியை ஏறாமல் மருந்துக்கு ஓடுவோர், உறுப்புகளை வாங்கிக் குவித்து எஞ்சினை இழப்பர்.