காட்டுக்குள் கட்டிய வீடுகள் – 9
மறுதாம்பு

எங்கள் பக்கம் தைலமரத்துக்கு ஆர்.எஸ்.பதி என்று பேர். தைலப் புட்டியில் ஒட்டியிருந்த பேர் மரத்துக்கு வந்து சேர்ந்து, இன்றைக்குப் புதுக்கோட்டை மாவட்டத்தில் பிள்ளைகளுக்குக்கூட அது ஆர்.எஸ்.பதிதான். ‘மாடு காட்டுல நிக்குது’ என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் அந்த வரிசை மரங்களுக்கு நடுவில் நிற்கிறது என்று பொருள். காடு என்ற சொல்லின் அர்த்தம் எங்களுக்கு அப்படி மாறிவிட்டது.

சென்ற வாரம் நம் மாவட்டத்துக் கோயில்காடுகளோடு நிறுத்தியிருந்தேன். மரமடக்கி, அரையப்பட்டி போன்ற ஊர்களின் சாமிகாடுகளில் புதுவைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மரம் மரமாக எண்ணிப் பதிந்த சேதியைப் படித்துவிட்டுப் பல வாசகர்கள் கேட்டிருந்தது ஒரே கேள்வி: அவ்வளவு பெரிய காடு இருந்த ஊரில் ஏன் இத்தனை சின்னத் துண்டுகள்தான் மிச்சம்?

பெரிய காடுதான். 1750-களில் திருச்சிக் கோட்டையைக் காக்க நடந்த சண்டைகளில், புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமையிலிருந்து கோட்டைக்கு நெல்லும் மாடும் போனது காட்டு வழியாக. அந்தக் காடுதான் அன்றைக்கு இந்தச் சீமைக்கு மதில். 1799-இல் பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து தப்பி வந்த கட்டபொம்மன் பிடிபட்டது திருக்களம்பூர்க் காட்டில். ஒரு பாளையக்காரர் தன்னை மறைத்துக்கொள்ள நம்பி வரும் அளவுக்கு அங்கே அடர்த்தி இருந்திருக்கிறது. பிறகு சமஸ்தானக் காலத்தில் மன்னர்களின் வேட்டைக்காடு. வீரை, பாலை, காசான், காரை, சூரை என்று எல்லாம் குட்டையான, கெட்டியான, வறட்சி தாங்குகிற மரங்கள். விறகுக்கும் ஏர்க்கலப்பைக்கும் ஆகும். தூணுக்கு ஆகாது.

தூணுக்கு நாங்கள் கடல் தாண்டினோம். இராயவரம், கோனாபட்டு வீடுகளின் முகப்பில் நிற்கிற தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவை. சிறுவயதில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் அப்படி ஒரு தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்தேன்; கை சேரவில்லை. எத்தனையோ முதுகுகள் சாய்ந்து சாய்ந்து மெழுகு போட்டதுபோல் வழுவழுத்திருந்தது. தேக்கு என்றால் வெகுகாலம் எனக்கு அந்தத் தூண்தான். அது இலை விட்டுப் பூக்கிற ஒரு மரம் என்பது மனத்தில் உறைத்தது ஆனைமலையில், டாப்சிலிப்பில்.

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர் தாண்டிச் சேத்துமடை வந்தால் சோதனைச் சாவடி. அங்கிருந்து மலையேற்றம். மேலே உலாந்தி வனச்சரகம். இன்றைக்கு ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் ஒரு சரகம் அது. சுற்றுலா வண்டியில் வருகிறவர்களுக்கு அது டாப்சிலிப். வனத்துறைக் கோப்பில் உலாந்தி.

டாப்சிலிப் என்ற பேரே ஒரு வேலையின் பேர். வெட்டிய மரங்களை யானைகள் இழுத்து வந்து மலைவிளிம்பில் சேர்க்கும். அங்கிருந்து சரிவில் உருட்டிவிடுவார்கள். மரம் சறுக்கிக்கொண்டு கீழே சமவெளிக்குப் போகும். சறுக்கலின் மேல்முனை இருந்த இடம் ஊராகிவிட்டது. கீழே விழுந்த மரம் பொன்னானி ஆற்றில் மிதந்து மேற்குக் கடற்கரைக்குப் போய், அங்கிருந்து பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்கு. மலபார்த் தேக்கில் பம்பாயில் கட்டி 1817-இல் மிதக்கவிட்ட போர்க்கப்பல் ஒன்று இன்னமும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் அழியாமல் நிற்கிறது. அதன் பேர் டிரிங்கோமலி, அதாவது நம் திருகோணமலை. இருநூறு ஆண்டு கடலைத் தாங்குகிற மரம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தால் யார் விடுவார்கள்? மலபாரில் ஆற்றோரத் தேக்கு தீரத் தீர, கோடரி மலையேறியது.

1848-இல் ஜேம்ஸ் மைக்கேல் என்ற இளம் ராணுவ அதிகாரியை ஆனைமலைக் காடுகளுக்குப் பொறுப்பாக அனுப்பினார்கள். அப்போது சென்னை மாகாணத்தில் வனத்துறையே கிடையாது. ஸ்காட்லாந்து மருத்துவர் ஹியூ கிளெகார்ன் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக ஆனது 1856-இல்தான். அதே 1856-இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. ஒரு பக்கம் காட்டைக் காக்க ஓர் ஆள். மறு பக்கம் தண்டவாளக் கட்டைக்கு எத்தனை மரம் கொடுத்தாலும் போதாத ரயில். கிளெகார்ன் 1858-இல் ஆனைமலையின் மேல்முகடுகளுக்கு ஏறினார். கூட வந்தவர்களில் பெடோம், டக்ளஸ் ஹாமில்டன் இருவரும் பின்னாளில் தென்னிந்தியக் காட்டு வரலாற்றில் அடிக்கடி தென்படுகிற பேர்கள்.

இவர்கள் தங்கியது எங்கே? இந்தத் தொடரின் கேள்வியே அதுதான். முதலில் கூடாரம். அப்புறம் மூங்கில் தட்டியும் புல் கூரையுமாகக் குடிசை. கட்டிக்கொடுத்தவர்கள் அந்த மலையின் மனிதர்கள்: காடர், மலசர், மலைமலசர், எரவாளர், புலையர், முதுவர். எந்த மூங்கிலை எந்த மாதத்தில் வெட்டினால் உளுக்காது என்று அவர்களுக்குத் தெரியும். பாதை காட்டியதும் அவர்கள், யானை பழக்கியதும் அவர்கள். ஏறி வந்த அதிகாரிகளின் பேர்கள் அறிக்கைகளில் இருக்கின்றன. வழிகாட்டியவர்களின் பேர்கள் இல்லை. எந்தக் காட்டு பங்களாவின் கதையைத் தேடிப் போனாலும் எனக்கு இந்த இடத்தில் கை நின்றுவிடுகிறது.

கல்லும் ஓடுமாகக் கட்டடம் எழும்பியது பிறகு. காட்டு பங்களாக்களுக்கு ஒரு பொது முகம் உண்டு. மேட்டில் இருக்கும். காய்ச்சலைக் கொண்டுவருவது பள்ளத்துக் கெட்ட காற்று என்று அன்றைக்கு நம்பினார்கள். கொசுதான் காரணம் என்று ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தது 1897-இல். மேட்டில் கட்டிய பழக்கம் அதற்கு முந்தியது. முன்பக்கம் அகலமான தாழ்வாரம். தீக்குப் பயந்து சமையல்கட்டு தனியே தள்ளி. 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் ஆரம்பித்த ஓட்டுத் தொழில் பரவிய பிறகு, தலைமேல் சீமை ஓடு. சுற்றிலும் யானை தாண்ட முடியாத அகழி. கதவு ஜன்னலுக்கு மட்டும் வேறெங்கும் அலைய வேண்டியதில்லை. வாசலிலேயே தேக்கு நிற்கிறது.

டாப்சிலிப்பில் இந்த முகமுள்ள பழைய வீடு மவுண்ட் ஸ்டூவர்ட். அங்கே வாழ்ந்தவர் ஹியூகோ வுட்.

முதல் உலகப் போர்க் காலத்தில் கோயமுத்தூர் தெற்குக் கோட்டத்தின் வன அதிகாரியாக அவர் வந்தபோது, அரை நூற்றாண்டுக்கும் மேலான வெட்டுக்குப் பிறகு மலை கட்டைகளாக நின்றது. நிலம்பூரில் 1840-களிலேயே கலெக்டர் கனோலியும் சாத்து மேனனும் நாற்று விட்டுத் தேக்குத் தோப்பு வளர்த்திருந்தார்கள். விதை, நாற்றங்கால், நடவு, காவல் என்று நீள்கிற வேலை அது. வுட் முதலில் பார்த்தது தரையிலிருந்த கட்டையை. தேக்கு வெட்டிய இடத்தில் துளிர்க்கும். ஆளின் இடுப்பு உயரத்தில் வெட்டினால் துளிர் உயரத்தில் பிடிமானமில்லாமல் கிளம்பி, காற்றில் ஒடியும். தரையோடு தரையாக, மழைநீர் தேங்காமல் வழித்து வெட்டினால் வேரடியிலிருந்து நேராக எழும்பும். நிலத்துக்கடியில் முழு வளர்ச்சி பெற்ற வேர் ஏற்கெனவே இருப்பதால், விதையிலிருந்து வருகிற கன்றைவிட அது வேகமாக மேலேறும். கரும்பு போடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். முதல் வெட்டுக்குப் பிறகு கட்டையிலிருந்து தழைப்பதை மறுதாம்பு என்போம். வுட் ஆனைமலைக்கு மறுதாம்பு விட்டார்.

விதையையும் அவர் விடவில்லை. கால்சட்டைப் பை நிறையத் தேக்கு விதையோடு நடப்பாராம். கைத்தடியால் தரையில் குத்தி, குழியில் ஒரு விதை போட்டு, மண்ணைக் காலால் தள்ளிவிட்டு அடுத்த அடி வைப்பாராம். டாப்சிலிப்பில் இதைச் சொல்லாத வழிகாட்டி கிடையாது. தேக்கு விதை சாமானியமாக முளைக்காது. ஓடு கெட்டி. நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்துதான் வாய் திறக்கும். நாற்றங்காலில் அதைக் கையால் செய்கிறார்கள். மலையில் மழையும் வெயிலும் செய்தன. குத்திய குழியில் எத்தனை முளைத்தனவோ, குழி குத்தியபடியே நடந்த மனிதருக்குத் தன் காட்டின் ஒவ்வொரு சரிவும் காலால் தெரிந்திருக்கும். ஓர் அதிகாரி மாதத்துக்கொரு முறை மேலேறி வந்து கணக்குப் பார்த்துவிட்டு இறங்குவதற்கும், அங்கேயே அடுப்பு மூட்டி, அங்கேயே மழைக்காலத்தைக் கழிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த மலையில் மரமாக நிற்கிறது. மவுண்ட் ஸ்டூவர்ட் வீட்டின் முக்கியத்துவம் என்று நான் நினைப்பது இதைத்தான். அதன் சுவர் அழகு எனக்கு அப்புறம்தான்.

1933-இல் அவர் இறந்தது குன்னூரில். தன்னை மவுண்ட் ஸ்டூவர்ட்டில்தான் புதைக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். தேக்குகளுக்கு நடுவே அந்தக் கல்லறை. லண்டன் புனித பவுல் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டபர் ரென்னின் கல்லறையில் உள்ள அதே லத்தீன் வாசகத்தை இதிலும் பொறித்திருக்கிறார்கள்: நினைவுச்சின்னம் வேண்டுமானால் சுற்றிலும் பார்க்கச் சொல்கிறது. ரென்னைச் சுற்றி மாடக்கூரை. இங்கே நான் தலை தூக்கிப் பார்த்தபோது இலை.

நான் போனது மழைக்குப் பிறகான மாதம். கூட வந்த வனக்காவலர் மலசர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் கோழிகமுத்தி யானை முகாமில் இருந்தவர்களாம். பாதையோரம் ஒரு தேக்குக் கன்றைக் காட்டினார். கொழுந்து இலையைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துக் கசக்கச் சொன்னார். கசக்கினேன். இலை முதுகு உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது. கையை விரித்தால் உள்ளங்கை முழுக்கச் செக்கச் சிவப்பு. வெற்றிலைச் சாற்றை விடக் கெட்டியான சிவப்பு.

“மரத்துக்கும் ரத்தம்தான் சார்,” என்றார். “வெட்டுனா நமக்குத் தெரியிறதில்ல.”

கோழிகமுத்தியில் யானைகளுக்குக் கவளம் கொடுக்கும் நேரம் வரை அவரோடு நடந்தேன். 2023-இல் அணிவகுப்பு மரியாதையோடு ஓய்வு பெற்ற கும்கி கலீம் இந்த முகாமின் பிள்ளை. காயம்பட்ட யானைகளுக்கு வைத்தியம் பார்த்தும், செத்த யானைகளை அறுத்துச் சாவுக்குக் காரணம் எழுதியும் தன் காலத்தைக் காட்டிலேயே கழித்த மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி வேலை பார்த்ததும் இந்த டாப்சிலிப்பில். ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதை வழியாக இன்று ஊரெல்லாம் அறிந்த மனிதர். அவர் கதைக்கு ஒரு வாரம் தனியாக வேண்டும். அன்று இரவு சருகில் விழுகிற பனியின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தேக்கு இலை அகலமானது. ஒரு சொட்டு விழுந்தால்கூட யாரோ காலடி எடுத்து வைத்ததுபோல் கேட்கும். மூன்று முறை எழுந்து ஜன்னல் பக்கம் போனேன்.

ஊர் திரும்பியும் கை இரண்டு நாள் சிவந்தே இருந்தது.

திரும்பி வந்தபின் நான் முதலில் போனது எங்கள் ஊர் ஆர்.எஸ்.பதிக் காட்டுக்கு. அப்போதுதான் வெட்டி முடித்திருந்தார்கள். இந்த மரங்களை வளர்க்கிற தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் தொடங்கியது 1974-இல். புதுக்கோட்டை தனி மாவட்டமானதும் அதே ஆண்டு, தை முதல் நாளில். மாவட்டத்துக்கும் கழகத்துக்கும் ஒரே வயது. தைலமரத்துக்கும் வெட்ட வெட்டத் தழைக்கிற குணம் உண்டு. சில ஆண்டுக்கொரு முறை வெட்டுவார்கள். லாரி காகித ஆலைக்குப் போகும். கட்டையிலிருந்து மறுதாம்பு எழும்பும். ஆனைமலையில் ஒரு காட்டைத் திருப்பிக் கொண்டுவந்த அதே குணம் இங்கே காடு திரும்பி வராமல் பார்த்துக்கொள்கிறது. நிழலில் வேறெதுவும் தலைதூக்க அவகாசம் கிடைப்பதில்லை. மரவரிசைகளுக்கிடையே போட்ட வரப்புகளால் கண்மாய்க்குத் தண்ணீர் வருவதில்லை என்று விவசாயிகள் பல ஆண்டுகளாகச் சொல்கிறார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போயிருக்கிறது. கண்மாயை நம்பி நாற்று விடுகிற மாவட்டத்தில் இது வயிற்றுப்பாடு. நான் அந்த விவசாயிகள் பக்கம்.

வெட்டிய காட்டில் ஒருவரும் தங்கி வாழ்ந்த அடையாளம் இல்லை. திண்ணையோ, அடுப்புக் கல்லோ, மேட்டில் ஓர் ஓட்டு வீடோ கிடையாது. வெட்டுகிற மாதத்தில் ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள்.

மிளார் பொறுக்கிக் கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். இரண்டு கட்டைகளுக்கு நடுவில், முழங்கால் உயரத்தில், கரும்பச்சை இலையோடு ஒரு தூறு நின்றது. இலை சின்னது, கெட்டியானது, வெயிலில் மினுமினுத்தது. காசான். பழைய பேர் காயா. பெருமாளின் நிறத்துக்கு உவமை சொல்கிற காயாம்பூ பூக்கிற செடி. வீரையும் பாலையும் நின்ற காட்டின் அடித்தட்டு. ஐம்பது ஆண்டுத் தைலமரத்துக்குக் கீழே இது எப்படி என்று கேட்டேன்.

“அது பழைய காட்டுச் செடிண்ணே,” என்றார். “ஒவ்வொரு தடவையும் சேத்துத்தான் வெட்டிப் போடுறாக. வேரு கெடக்குல்ல, வந்துரும்.”

கட்டைத் தூக்கிவிடச் சொன்னார். தூக்கித் தலையில் வைத்துவிட்டேன். குனிந்து தூறின் அடியை விலக்கிப் பார்த்தால், மண்ணோடு மண்ணாக, கறுத்துப்போன பழைய வெட்டுகள் நாலோ ஐந்தோ தெரிந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் துளிர்.

(தொடரும்)