அரை ஷிப்ட் எங்கே போச்சு, கண்ணு?

சனிக்கிழமை சாயங்காலம். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குச் சம்பள நாள். பி.காம். முடித்த கையோடு ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் நான் கிளார்க்காகச் சேர்ந்து மூன்றாவது வாரம். செக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கும் ஒரு அம்மா ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

"கண்ணு, இந்த வாரம் ஏழரை ஷிப்ட் பாத்திருக்கேன். ஏழுதான் போட்டிருக்குது. அரை ஷிப்ட் எங்க போச்சு?"

"கம்ப்யூட்டர்ல ஏழுதாங்கம்மா காட்டுது" என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. வலது கை விரலை நீட்டிக் காட்டினார். வருஷக்கணக்கில் துணியைப் புரட்டிப் புரட்டி, நூல் பிசிறு வெட்டி வெட்டி, ரேகை மழுங்கிப் போயிருந்தது. "புதன்கிழமை ராத்திரி போறப்ப நாலு தடவை வெச்சேன். மிஷின் எடுக்கவே இல்ல."

பக்கத்து மேஜையில் இருந்த மூத்த டைம் கீப்பர் என்னைப் பார்த்தார். "கம்ப்யூட்டர் சொன்னதையே திருப்பிச் சொல்றதுக்கு நீ எதுக்கு தம்பி?" என்றார். எழுந்து போய் லைன் சூப்பர்வைசரின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். புதன்கிழமைப் பக்கத்தில், அந்த அம்மாவின் பெயருக்கு நேராக ஒன்றரை என்று எழுதியிருந்தது. அரை ஷிப்ட் பணத்தைச் சேர்த்துக் கொடுத்தோம்.

சம்பளக் கிளார்க் வேலைக்கு எதிர்காலம் உண்டா என்று இளைஞர்கள் இப்போது கேட்கிறார்கள். எல்லாவற்றையும் சாஃப்ட்வேரே போட்டுவிடுகிறதே என்ற கவலை அவர்களுக்கு. எனக்கு அந்த டைம் கீப்பர் கேட்டதுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஒரு சீட்டுக்குள் எத்தனை கணக்கு

பேஸிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 15,000 ரூபாய், மற்ற படிகளோடு மொத்தம் 18,000 ரூபாய் வாங்கும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். பி.எஃப்.புக்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் பிடித்தம். முதலாளியும் அதே 1,800 கட்ட வேண்டும். ஆனால் அதில் 1,250 ரூபாய் பென்ஷன் கணக்குக்கும் மீதி 550 மட்டும் பி.எஃப். கணக்குக்கும் போகும். ஈ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளியிடம் 0.75 சதவீதமாக 135 ரூபாய், முதலாளியிடம் 3.25 சதவீதமாக 585 ரூபாய். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். இதற்கு மேல் ஆறு மாதத்துக்கொரு முறை தொழில் வரி, வருமான வரி வரம்புக்குள் வருபவர்களுக்கு டி.டி.எஸ்., தீபாவளிக்கு முன் போனஸ், வேலையை விட்டுப் போகிறவர்களுக்குக் கிராஜுவிட்டி.

கூட்டல் கழித்தலைக் கணினி நொடியில் முடித்துவிடும். ஆனால் நாம் கொடுத்ததை வைத்துத்தான் அது கணக்குப் போடும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என்று ஈ.எஸ்.ஐ.க்கு இரண்டு பருவம். ஒரு பருவத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால்தான், பிறகு உடம்பு முடியாமல் படுக்கும்போது சம்பளத்தில் 70 சதவீதம் உதவித்தொகையாகக் கிடைக்கும். வருகைப் பதிவில் ஒரு நாள் விடுபட்டு 77 ஆகிவிட்டால், ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு அந்தப் பணம் இல்லை.

இனிஷியல் படுத்தும் பாடு

நம் ஊரில் இன்னொரு சிக்கல், பெயர். ஆதாரில் மு. லட்சுமி. பி.எஃப். கணக்கில் லட்சுமி முருகன். பேங்க் பாஸ்புக்கில் லெட்சுமி. மூன்றும் ஒரே ஆள்தான் என்பது தெருவுக்கே தெரியும். சர்வருக்குத் தெரியாது. மகள் கல்யாணத்துக்குப் பணம் எடுக்க விண்ணப்பித்தால் திருப்பி அனுப்பிவிடும். அப்புறம் ஜாயின்ட் டிக்ளரேஷன் எழுதி, கம்பெனியில் ஒப்புதல் வாங்கி, பி.எஃப். ஆபீஸுக்கு நடையாய் நடக்க வேண்டி வரலாம். வேலையில் சேர்ந்த அன்றே ஆதாரைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பதிந்திருந்தால் இத்தனை அலைச்சல் இல்லை. ஒரு கிளார்க்கின் பத்து நிமிடக் கவனம், முகம் தெரியாத ஒரு குடும்பத்துக்குப் பல மாத நிம்மதி.

எங்கே போகலாம், எதைப் படிக்கலாம்?

டேட்டா என்ட்ரியோடு நின்றுவிடுபவரின் இடம் சுருங்கிக்கொண்டுதான் வருகிறது. அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஆனால் சட்டம் தெரிந்தவரின் தேவை கூடியிருக்கிறது. 29 மத்தியச் சட்டங்களைச் சுருக்கி உருவாக்கிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. படிகள் மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் போனால், கூடுதல் தொகையையும் ஊதியமாகவே கணக்கிட வேண்டும். வேலையை விட்டுப் போகிறவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். சம்பளப் பட்டியல்களைத் திருத்தி அமைக்க, இதையெல்லாம் புரிந்துகொண்டு விளக்கக்கூடிய ஆள் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேண்டும்.

எக்செல்லும் டேலியும் வாசற்படி. அதைத் தாண்டியதும் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. போர்ட்டல்களில் கை பழக வேண்டும். சென்னையில் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்தில் தொழிலாளர் மேலாண்மை படித்தால் மனிதவளத் துறைக்கு வழி திறக்கும். சிறு கம்பெனிகள் பலவற்றுக்குச் சேர்த்துக் கணக்குப் பார்க்கும் பி.எஃப். கன்சல்டன்ட்டாகச் சொந்தத் தொழிலும் தொடங்கலாம். பல நாட்டுச் சம்பளக் கணக்குக்கான மென்பொருளைச் சென்னையின் ராம்கோ உருவாக்குகிறது. ஜோஹோவும் பேரோல் மென்பொருள் விற்கிறது. அங்கெல்லாம் சம்பளக் கணக்கின் நெளிவுசுளிவு தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு. அரசு வேலைதான் விருப்பம் என்றால், குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்பவர்களுக்கும் அலுவலகத்தின் சம்பளப் பட்டியல் பொறுப்பு வரலாம்.

இந்த வாரம் வேலையில் சேரப்போகும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். சம்பளத்துக்கு முந்தின நாள் சூப்பர்வைசர் நோட்டை வாங்கி, மிஷின் கணக்கின் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பாருங்கள். நான் அந்த வேலையில் இருந்தவரை ஒரு வாரம்கூட இதை விட்டதில்லை. அந்த அம்மா மறுபடி ஜன்னலுக்கு வந்தார். பேத்திக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட அட்வான்ஸ் கேட்டு. ஷிப்ட் கணக்குக் கேட்டு வரவில்லை.