முதுமையில் ஆண்மைச் சுரப்பு: பெப்டைடு ஊசி கைகொடுக்குமா?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாணிபத்திலேயே தலை நரைத்த பெரியவர்களை நீங்கள் அறிவீர்கள். காலையில் ஏல மையம், பிற்பகலில் காய் தரம் பிரிக்கும் கிடங்கு, இடையிடையே போடிமெட்டுச் சாலையில் ஏறித் தோட்டத்தைப் பார்த்து வருதல் என்று ஓய்வறியாது உழைத்தவர்கள். அறுபதை நெருங்கும்போது அவர்களுள் சிலர் மெல்லத் தளர்கின்றனர். மேடு ஏறினால் களைப்பு, பேச்சில் எரிச்சல், இல்லறத்திலும் நாட்டம் குறைகிறது. "அத்தாவுக்கு என்ன ஆயிற்று?" என்று பிள்ளைகள் தாயிடம் கேட்கின்றனர். அவரோ மனைவியிடம்கூட மனம் திறப்பதில்லை.

இந்த மௌனத்தை நம்பித்தான் ஒரு வணிகம் நடக்கிறது. "இழந்த வாலிபம் திரும்பும்" என்று சுவரொட்டி ஒட்டி, மாதம் ஒரு நாள் விடுதி அறையில் தங்கி லேகியம் விற்போரைத் தமிழகத்தின் பேருந்து நிலையங்கள் நெடுங்காலமாகக் கண்டு வருகின்றன. இன்று அந்தச் சுவரொட்டி கைப்பேசித் திரைக்குள்ளும் புகுந்துவிட்டது. லேகியத்தின் இடத்தில் 'பெப்டைடு' என்னும் ஊசி மருந்து. "உடலே டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும், பக்க விளைவே இல்லை" என்பது விளம்பரம். இதில் உண்மை எவ்வளவு என்பதைக் குடும்பத்தார் அனைவரும் அறிந்துகொள்வது நல்லது.

மூளை அனுப்பும் தூது

ஆண்மைக்குரிய டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் விரைகளில் சுரக்கிறது. ஆனால் கட்டளை பிறப்பது மூளையில். ஹைபோதலாமஸ் என்னும் பகுதி, ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு துளித் தூதை அனுப்புகிறது. அதைப் பெற்ற பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்னும் ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. எல்.எச். சென்று தட்டியதும் விரைகள் விழித்துக்கொள்கின்றன.

ஜி.என்.ஆர்.எச். எனப்படும் அந்தத் தூது, பத்தே அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சரம். இத்தகைய சரங்களுக்குத்தான் பெப்டைடு என்று பெயர். 1971 இல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஷாலி, ரோஜர் கில்லமின் ஆகிய இருவரின் ஆய்வுக் குழுக்களும் போட்டி போட்டுக்கொண்டு இதன் அமைப்பைக் கண்டறிந்தன. 1977 இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

கில்லமின் ஆட்டின் மூளையிலிருந்தும், ஷாலி பன்றியின் மூளையிலிருந்தும் இதைப் பிரித்தெடுத்தனர். இதைப் படித்ததும் உங்களுக்கு ஓர் ஐயம் எழலாம். இன்று இந்தப் பெப்டைடுக்கு விலங்கின் உறுப்பு தேவையில்லை. ஆய்வகத்தில் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக இணைத்தே செய்துவிடுகின்றனர். ஆனால் சுரப்பைத் தூண்டும் ஊசிகள் எல்லாம் ஒரே வகையல்ல. எச்.சி.ஜி. என்னும் மற்றோர் ஊசி, கருவுற்ற பெண்களின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்டு வந்தது. ஆகவே எது எதிலிருந்து வந்தது என்று மருத்துவரிடம் கேட்டறிந்து, மார்க்க ஐயம் இருப்பின் ஆலிம்களிடம் தெளிவு பெறலாம்.

நீர் தேங்கினால் வேர் அழுகும்

மலைத்தோட்டக்காரர்கள் அறிந்த ஓர் உண்மை உண்டு. ஏலச் செடி ஈரத்தை விரும்பும். ஆனால் வேரில் நீர் தேங்கினால் அழுகிவிடும். இந்தத் தூதின் கதையும் அதுவே. இடைவெளி விட்டுத் துளித்துளியாக வந்தால் சுரப்பு பெருகும். இடைவிடாது வந்தால் பிட்யூட்டரி மரத்துப்போய்ச் சுரப்பு அடியோடு படுத்துவிடும். ஆம்! புராஸ்டேட் புற்றுநோயாளிகளுக்கு டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்க மருத்துவர்கள் தருவதே இந்தத் தூதைப் போலச் செய்யப்பட்ட, நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்துதான். கூட்ட வேண்டியவருக்கும் குறைக்க வேண்டியவருக்கும் ஒரே தூது. வேறுபாடு அளவிலும் நேரத்திலும். அஞ்சலில் வந்த குப்பியைக் கையில் வைத்திருப்பவர் அந்த அளவை எங்ஙனம் அறிவார்?

சர்க்கரை நோயும் புதிய ஆய்வும்

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் சர்க்கரை நோயாளிகள் என்பது 2023 இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின் கணக்கு. இதற்கும் நம் பேச்சுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. அமெரிக்காவின் பஃபலோ நகரில் பணியாற்றிய இந்திய வமிசாவளி மருத்துவர்களான சந்தீப் திந்த்சா, பரேஷ் தண்டோனா ஆகியோர் 2004 இல் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ள 103 ஆண்களைச் சோதித்தனர். மூவரில் ஒருவருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவு. பலருக்கும் பழுது விரைகளில் இல்லை. மேலிருந்து வரவேண்டிய கட்டளைதான் மங்கியிருந்தது.

அந்தக் கட்டளையை எழுப்ப இயலுமா? இங்குதான் கிஸ்பெப்டின் என்னும் பெப்டைடு வருகிறது. 1996 இல் அமெரிக்காவின் ஹெர்ஷி என்னும் ஊரில் புற்றுநோய் ஆய்வின்போது இதன் மரபணு கண்டறியப்பட்டது. அவ்வூரின் புகழ்பெற்ற சாக்லேட்டை ஒட்டிப் பெயரும் சூட்டப்பட்டது. ஜி.என்.ஆர்.எச். தூதை உசுப்பிவிடுவதே இதன் வேலை என்பது 2003 இல் விளங்கியது. 2005 இல் இலண்டனில் உடல்நலமுள்ள ஆண்களுக்கு இதைச் செலுத்தியபோது எல்.எச்.சும் டெஸ்டோஸ்டிரோனும் உயர்ந்தன. 2013 இல் எடின்பரோ ஆய்வாளர்கள், சர்க்கரை நோயும் ஹார்மோன் குறைவும் உள்ள சில ஆண்களுக்குச் செலுத்தியும் அவ்வாறே கண்டனர்.

நம்பிக்கை தரும் செய்திதான். ஆயினும் அது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு, மருத்துவமனைக் கட்டிலில், சில மணி நேரம் நடந்த சோதனை. ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொண்டால் நன்மையா தீமையா என்பதை அது காட்டவில்லை. குறைவுக்கான மருந்தாக இது இன்னும் அங்கீகாரம் பெறவுமில்லை. 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று அச்சிட்டு விற்கப்படும் குப்பிகளில் உள்ளது என்ன, தூய்மையானதா என்பதற்கு உறுதி கூறுவாரில்லை.

1889 இல் பாரிஸ் நகரின் புகழ்பெற்ற மருத்துவ அறிஞர் பிரௌன் செக்கார், தம் 72 ஆம் வயதில், விலங்குகளின் விரைச் சாற்றைத் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு இளமை திரும்பியதாக அறிவித்தார். நீரில் எடுத்த அந்தச் சாற்றில் ஹார்மோன் இருந்திருக்கவே வழியில்லை. அவ்வளவு பெரிய அறிஞரையே மனம் ஏமாற்றிற்றென்றால், நாம் எம்மாத்திரம்?

செய்ய வேண்டியது என்ன?

முதலில், சோர்வெல்லாம் ஹார்மோன் குறைவு அன்று. 2010 இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், 40 முதல் 79 வயதுவரையுள்ள 3,369 ஆண்களுள் முதுமையால் வந்த உண்மையான குறைவு 100 க்கு இருவர் அளவிலேயே இருந்தது. இரத்தசோகை, தைராய்டு, மனவாட்டம், கட்டுக்கடங்காத சர்க்கரை ஆகியவையும் இதே தளர்ச்சியைத் தரும்.

இரண்டாவதாக, ஐயமிருந்தால் காலை வேளையில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுங்கள். மாலையில் அளவு இயல்பாகவே இறங்கிவிடும். இருவேறு நாட்களில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவதாக, குறைவு உறுதியானால் டெஸ்டோஸ்டிரோன் மருந்தே உண்டு. ஆனால் அதுவும் விளையாட்டுப் பொருளன்று. இதய நோயோ அதற்கான வாய்ப்போ உள்ள 5,000 க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2023 இல் வெளியான ஆய்வில், மாரடைப்பு கூடவில்லை. எனினும் தாறுமாறான இதயத் துடிப்பும், நுரையீரலில் இரத்தக்கட்டி அடைப்பதும் சற்று மிகுந்தன. குழந்தைச் செல்வத்தை எதிர்பார்க்கும் இளைஞர் இதைப் போட்டுக்கொண்டால் விந்தணு உற்பத்தியே நின்றுபோகக்கூடும்.

நான்காவது, செலவில்லாதது. 2011 இல் சிகாகோவில் பத்து இளைஞர்களை ஒரு வாரம் ஐந்து மணி நேரமே உறங்க விட்டபோது, அவர்களின் டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 விழுக்காடு வரை இறங்கியது. ஊளைச்சதை குறைந்தால் சுரப்பு கூடுகிறது. இரவு கடையடைத்து வந்து வயிறு நிறையப் பரோட்டா உண்டு, நள்ளிரவுக்குப் பின் படுக்கும் பழக்கத்தை மாற்றிப் பாருங்கள்.

சகோதரிகளே! உங்கள் கணவரின் சோர்வைக் குறைகூறலாகப் பேசாதீர்கள். "நாளைக் காலை சேர்ந்து போய்ச் சர்க்கரையைப் பார்த்து வருவோம்" என்று சொல்லுங்கள். பெரியவர்களே! விடுதி அறைக் கதவைத் தட்டும் துணிவு இருக்கிறதே, அதே துணிவோடு மருத்துவரின் அறைக் கதவைத் தட்டுங்கள். மூப்பு இயற்கை, அதில் வெட்கப்பட ஏதுமில்லை. நோய் வந்தால் மறைக்காமல் மருத்துவம் பார்ப்பதே அறிவுடைமை.