தையல் பிரித்த பிறகு யாரைக் கேட்பது?

மார்பகத்தை அகற்றும் அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனை ஒரு தாள் கொடுக்கும். எந்த மாத்திரை எந்த வேளைக்கு, காயத்தில் எப்போது தண்ணீர் படலாம், டியூப் வழியாக வெளியேறும் நீரை எப்படி அளந்து எழுதுவது, மறுபடி எப்போது வர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இரவில் எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பது, டியூப் தொங்கும்போது எதை உடுத்துவது, சின்னப் பிள்ளை ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டால் என்ன செய்வது, கண்ணாடி முன் முதன்முறை நிற்கும்போது யாரை உடன் வைத்துக்கொள்வது என்பதெல்லாம் இருக்காது. இவற்றுக்கு விடை தெரிந்தவர், அதே அறுவையைச் செய்துகொண்டு வீடு திரும்பி, சமையலறையிலும் பேருந்திலும் அலுவலகத்திலும் நாட்களைக் கடந்த இன்னொரு பெண்.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாக உலகளாவிய புற்றுநோய் மதிப்பீடு சொல்கிறது. மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் நம் பெண்களுக்கு இந்த நோய் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் வேலையும் வீட்டுக் கடனும் உள்ள வயது அது. இவர்களைச் சந்திக்க அனுபவப்பட்ட ஒரு பெண்ணை அனுப்புவது சிகிச்சையின் ஒரு பகுதி. அதைத் தற்செயலுக்கு விடக் கூடாது.

இப்படியொரு ஏற்பாடு ஒரு நோயாளியின் பிடிவாதத்தால்தான் பிறந்தது. 1952-இல் நியூயார்க்கைச் சேர்ந்த டெரீஸ் லாசர் கட்டியைச் சோதிக்க மருத்துவமனைக்குப் போனார். மயக்கம் தெளிந்தபோது மார்பகம் முழுதும் அகற்றப்பட்டிருந்தது. அந்நாளில் அதுதான் வழக்கம்: மயக்கத்தில் இருக்கும்போதே திசுவைச் சோதிப்பார்கள், புற்று என்று தெரிந்தால் அப்போதே எடுத்துவிடுவார்கள். அதுவும் 1880-களில் வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த முறைப்படி, மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுப்பார்கள். கை தூக்க முடியாது, தோள் இறுகிவிடும். லாசருக்கு இதைப் பற்றி யாரும் வாய் திறந்து பேசவில்லை. கையை எப்படி அசைப்பது, எந்த உள்ளாடை அணிவது, கணவரிடம் என்ன சொல்வது என்று எல்லாவற்றையும் தானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கண்டுபிடித்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல், அதே அறுவை முடிந்து படுத்திருந்த பெண்களைத் தேடிப் போனார் லாசர். கையில் ஒரு சிறு பொட்டலம். விரல்களை மடக்கிப் பழக ஒரு ரப்பர் பந்து, தோளை அசைக்க ஒரு கயிறு, காயம் ஆறும்வரை உடைக்குள் வைத்துக்கொள்ள மென்மையான பொய்மார்பு, ஒரு கையேடு. நோயாளி நோயாளிக்கு ஆலோசனை சொல்வதா என்று முகம் சுளித்த மருத்துவர்கள் இருந்தார்கள். ஆனாலும் 'ரீச் டு ரெக்கவரி' என்ற அந்த முயற்சி வளர்ந்தது. 1969-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அதைத் தன் திட்டமாகவே ஏற்றுக்கொண்டது. பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. தன்னார்வலர் மருத்துவ ஆலோசனை சொல்லக் கூடாது என்பது அதன் முக்கிய விதி. எந்த மருந்து, எந்த அறுவை என்ற பேச்சு மருத்துவரோடு. எப்படி வாழ்வது என்ற பேச்சு தோழியோடு.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எல்லாருக்கும் மார்பகத்தை முழுதும் எடுக்க வேண்டியதில்லை என்பது. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் ஆயுளில் வித்தியாசமில்லை என்று அமெரிக்காவின் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியின் உம்பெர்ட்டோ வெரோனேசியும் தனித்தனியே நடத்திய ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002-இல் வெளிவந்தன. கட்டி பெரிதாகவோ பல இடங்களிலோ இருந்தால், அல்லது கதிர்வீச்சு கொடுக்க முடியாத நிலை இருந்தால் முழுதும் எடுக்க நேரிடும். மார்பகத்தைக் காப்பாற்ற முடியுமா என்று அறுவைக்கு முன்பே கேட்பது நோயாளியின் உரிமை.

எடுத்த இடத்தில் மார்பகத்தை மறுபடி உருவாக்கும் மறுசீரமைப்புக்கு இரண்டு பெரிய வழிகள். ஒன்று சிலிக்கோன் பதியம். 1962-இல் ஹூஸ்டனில் முதன்முறை சிலிக்கோன் பதியம் பொருத்தப்பட்டது. அகற்றியபின் தோல் போதாவிட்டால் முதலில் ஒரு விரிப்பானை உள்ளே வைத்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீர் ஏற்றித் தோலை விரிவாக்கிய பிறகு நிரந்தரப் பதியம் வைப்பார்கள். இன்னொரு வழி, சொந்த உடலின் திசு. முதுகுத் தசையைத் தோலோடு முன்பக்கம் கொண்டுவரலாம். அல்லது அடிவயிற்றின் தோலையும் கொழுப்பையும் எடுத்து, அதன் நுண்ணிய ரத்தக் குழாய்களை நெஞ்சிலுள்ள குழாய்களோடு நுண்ணோக்கியின் கீழ் இணைக்கலாம். இது பல மணி நேர வேலை. முதல் சில நாட்கள் இடைவிடாமல் நிறமும் வெப்பமும் பார்ப்பார்கள். வயிற்றில் இடுப்பிலிருந்து இடுப்புவரை நீளும் தழும்பு இருக்கும், சில நாட்கள் குனிந்தபடிதான் நடக்க முடியும்.

ஏமாற்றங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லாததால் வருகின்றன. புதிய மார்பகத்தில் பழைய உணர்ச்சி இருக்காது. இரண்டும் ஒன்றுபோல் அமைய இன்னொரு சிறு அறுவை தேவைப்படலாம். காம்பு தனியாக, பின்னர் உருவாக்கப்படும். சிலர் பச்சை குத்தி நிறம் வைத்துக்கொள்வார்கள். பதியம் வைத்த இடத்தில் கதிர்வீச்சு கொடுத்தால் சுற்றியுள்ள திசு இறுகிக் கெட்டியாகும் வாய்ப்பு அதிகம். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குக் காயம் ஆறத் தாமதமாகும், நம் ஊரில் இது சிறிய விஷயமில்லை. மறுசீரமைப்பை உடனே செய்யாமல் சிகிச்சை எல்லாம் முடிந்து ஓரிரு ஆண்டுகள் கழித்தும் செய்துகொள்ளலாம். மறுசீரமைப்பால் புற்றுநோய் திரும்பிவரும் ஆபத்து கூடுவதில்லை.

பணத்தைப் பற்றி ஒரு செய்தி. அழகு அறுவைக்குக் காப்பீடு கிடையாது என்று சொல்லி மறுக்கப்படுவோமோ என்று பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துள்ள பொது விலக்குப் பட்டியலில் அழகு அறுவை இருக்கிறது. ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பிந்தைய மறுசீரமைப்பு அந்த விலக்கில் சேராது என்று அதே வரியில் எழுதப்பட்டிருக்கிறது. பாலிசியில் அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

மறுசீரமைப்பு வேண்டாம் என்பதும் முழுமையான முடிவுதான். அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1978-இல் மார்பக அகற்று அறுவை செய்துகொண்டார். உதவிக்கு வந்த தன்னார்வலர் அன்போடு ஒரு பொய்மார்பைக் கொடுத்தார். அதை வைத்துப் பார்த்த லார்டுக்கு அது தன் உடலாகத் தெரியவில்லை. கறுப்பினத்தவரும் பெண்களை நேசித்தவருமான அவர், தன்னைப்போன்ற ஒருத்தியோடு பேச முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று ஏங்கினார். பிறகு பொய்மார்பு இல்லாமல் மருத்துவரிடம் போனபோது, அப்படி வருவது மற்ற நோயாளிகளின் மனத்தைத் தளர்த்தும் என்று செவிலியர் கடிந்துகொண்டார். 1980-இல் வெளிவந்த 'தி கேன்சர் ஜர்னல்ஸ்' நூலில் லார்ட் இதை எழுதினார். தோழியாக வருபவர் கவனிக்க வேண்டிய பாடம் இதில் இருக்கிறது: தனக்கு உதவியதை அடுத்தவர் மேல் திணிக்கக் கூடாது. தட்டையான நெஞ்சோடு புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நடப்பவரும், பருத்தி நூலில் பின்னிய பொய்மார்பை வைத்துக்கொள்பவரும், வயிற்றுத் திசுவால் மார்பகம் அமைத்துக்கொண்டவரும் தத்தம் முடிவில் நிறைவாக இருக்கலாம்.

பின்னிய பொய்மார்பு நம் வெயிலுக்கு ஏற்றது. கனமில்லை, துவைத்துக் காயவைக்கலாம், சிலிக்கோனைப்போல வியர்த்துக் கசகசக்காது. அமெரிக்காவில் பார்பரா டெமரெஸ்ட் 2011-இல் தனக்கு மார்பக அகற்று அறுவை நடந்தபின் தொடங்கிய 'நிட்டட் நாக்கர்ஸ்' முயற்சி இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. தன்னார்வலர்கள் பின்னி இலவசமாகவே தருகிறார்கள்.

இனி அன்றாடம். முன்பக்கம் கொக்கி வைத்த ரவிக்கை நம் பெண்களுக்கு வாய்த்த வசதி. கையைத் தலைக்கு மேல் தூக்காமலே போட்டுக்கொள்ளலாம். நைட்டி என்றால் முன்பக்கம் ஜிப் உள்ளது. டியூப்பின் குடுவையைத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் நடக்கும்போது இழுக்காது. படுக்கும்போது அந்தப் பக்கத்துக் கைக்குக் கீழே சிறு தலையணை. மேற்கையின் உட்புறம் மரத்துப்போயிருக்கும், அக்குளில் உள்ள உணர்வு நரம்பு அறுவையில் பாதிக்கப்படுவதால். சில வாரங்கள் கழித்து அக்குளிலிருந்து முழங்கை நோக்கிக் கயிறு கட்டி இழுப்பதுபோல் இறுகலாம். இதைப் பார்த்துப் பயந்து கையை அசைக்காமல் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் நீட்டல் பயிற்சியில் அது பெரும்பாலும் தளர்ந்துவிடும். எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று ஒருவர் சொல்லி, தன் கையைத் தூக்கிக் காட்டும்போது போகும் பயம் அச்சடித்த தாளால் போகாது.

கை வீக்கம்தான் நீண்ட நாள் கவலை. அக்குள் கணுக்களை எடுப்பதாலும் கதிர்வீச்சாலும் நிணநீர் வடியும் பாதை தடைபட்டு, மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்தும் கை வீங்கலாம். வளையல் கழற்றச் சிரமப்படுவதும் ரவிக்கைக் கை ஒரு பக்கம் மட்டும் இறுகுவதும் முதல் அறிகுறிகள். உடனே காட்டினால் கட்டுப்படுத்த எளிது. அந்தக் கையால் குடம் தூக்காதே, எதுவும் செய்யாதே என்று வீட்டில் அடக்கிவைப்பார்கள். ஒரு காலத்தில் மருத்துவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த நம்பிக்கையை அசைத்ததில் நோயாளிகளின் ஒரு கூட்டத்துக்குப் பங்குண்டு. 1996-இல் கனடாவின் வான்கூவரில் விளையாட்டு மருத்துவர் டான் மெக்கென்சி, மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்த 24 பெண்களை டிராகன் படகு வலிக்கப் பழக்கினார். தோளுக்கும் கைக்கும் கடும் வேலை தரும் விளையாட்டு அது. பயந்ததுபோல் கைகள் வீங்கவில்லை. அந்தப் பெண்களும் படகை விடவில்லை. இன்று உலகெங்கும் அத்தகைய படகுக் குழுக்கள் இருக்கின்றன. 2009-இல் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழு, ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டது. மேற்பார்வையில் மெதுவாக எடை தூக்கப் பழகியவர்களுக்கு வீக்கம் திடீரென மோசமாவது, பழகாதவர்களைவிடப் பாதியாகக் குறைந்திருந்தது. முக்கியமான சொல் 'மேற்பார்வையில்'. முதல் நாட்களில் கையை மூடித் திறப்பதும் முழங்கையை மடக்குவதும் போதும். சுவரில் விரல்களால் ஏறுவது அடுத்த கட்டம். மறுசீரமைப்பு செய்தவர்களுக்குத் தோளை எவ்வளவு உயர்த்தலாம் என்பதை அறுவை நிபுணர்தான் சொல்ல வேண்டும்.

தோழமை ஆயுளை நீட்டுமா? 1989-இல் டேவிட் ஸ்பீகல் குழு, நோய் பரவிய நிலையில் இருந்த பெண்கள் குழுச் சிகிச்சையால் அதிக நாள் வாழ்ந்ததாக எழுதியபோது பெரும் நம்பிக்கை பிறந்தது. 2001-இல் கனடாவில் நடந்த பெரிய ஆய்வு அதை உறுதிசெய்யவில்லை. ஆனால் மனத்துயரும் வலியின் உணர்வும் குறைவதைக் காட்டியது. எனக்கு அதுவே போதும். வலியும் துயரும் குறைவது ஆயுளுக்கு அடுத்தபடியான சிறு லாபம் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொரு ஆய்வு எச்சரிக்கிறது. அமெரிக்காவில் விக்கி ஹெல்கெசன் குழு, மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களைச் சேர்த்து, சிலருக்கு நோய் பற்றிய தகவலையும், சிலருக்கு ஒருவரோடொருவர் மனம் திறக்கும் கூட்டத்தையும் கொடுத்துப் பார்த்தது. தகவல் தெளிவாகவே உதவியது. வெறும் பேச்சுக் கூட்டம், வீட்டில் துணை இல்லாதவர்களுக்கு உதவியது. ஏற்கெனவே நல்ல துணை உள்ளவர்களுக்குத் தீங்காகவும் முடிந்தது. ஆகவே பத்துப் பேரை ஒரு அறையில் உட்காரவைப்பது மட்டும் போதாது. தோழி பயிற்சி பெற்றிருக்க வேண்டும், சொல்வது சரியான தகவலாக இருக்க வேண்டும், யாருக்கு எது தேவை என்று கேட்டறிய வேண்டும்.

நம் ஊரில் இந்தத் தோழமை இல்லாமலில்லை. கரண்ட் (கதிர்வீச்சு) வைப்பதற்காக வாரத்தில் ஐந்து நாள் என்று வாரக்கணக்கில் ஒரே வரிசையில் காத்திருக்கும் பெண்கள் ஒருவருக்கொருவர் அக்காவும் தங்கச்சியும் ஆகிவிடுகிறார்கள். கீமோவில் முடி கொட்டும் நாளையும், எந்தக் கஞ்சி வயிற்றில் தங்கும் என்பதையும் அங்கேதான் கற்கிறார்கள். கூடவே, கிழங்கு சாப்பிடக் கூடாது, தட்டைத் தனியாக வை, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்ற தவறான பேச்சும் அதே வரிசையில் பரவுகிறது. புற்றுநோய் தொட்டால் ஒட்டாது என்பதை அனுபவப்பட்ட பெண் ஒருவர் மாமியாருக்கும் கணவருக்கும் முன்னால் உட்கார்ந்து சொன்னால், அது அந்த வீட்டில் நிற்கும்.

மருத்துவமனைகள் செய்யக்கூடியது அதிகச் செலவுள்ளதில்லை. சிகிச்சை முடித்து உதவ முன்வரும் பெண்களின் பட்டியலை வயது, ஊர், அறுவையின் வகை வாரியாக வைத்துக்கொள்ளலாம். வயிற்றுத் திசு அறுவைக்குத் தயாராகும் முப்பத்தைந்து வயதுக்காரரிடம், அதே அறுவை செய்துகொண்ட, பள்ளிப் பிள்ளைகள் உள்ள ஒருவரை அனுப்ப வேண்டும். அவருக்குப் பயிற்சியும் பயணச் செலவும் தர வேண்டும். கதவு சாத்தக்கூடிய ஓர் அறை வேண்டும், கேட்டால் தழும்பைக் காட்டுவதற்கு. காய்ச்சல், காயம் சிவப்பது, கை திடீரென வீங்குவது, புதிய மார்பகத்தின் நிறம் மாறுவது, தழும்பில் கட்டி தட்டுப்படுவது, வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போவது ஆகியவற்றைக் கண்டால் உடனே மருத்துவரிடம் அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும்.

சந்திப்பு மூன்று தடவையாவது நடக்க வேண்டும். முடிவெடுப்பதற்கு உதவியாக அறுவைக்கு முன் ஒன்று, டியூப் எடுத்த பிறகு ஒன்று. மூன்றாவது, கீமோவும் கரண்டும் முடிந்து சில மாதங்கள் கழித்து. எல்லாம் சரியாகிவிட்டது என்று உறவினர்கள் போன் பண்ணுவதைக் குறைத்திருப்பார்கள். அந்தப் பெண்ணோ ஐந்து முதல் பத்து ஆண்டுவரை விழுங்க வேண்டிய ஹார்மோன் மாத்திரையின் மூட்டுவலியோடும் உடல் எரிச்சலோடும் அப்போதுதான் தனியாகப் பழகத் தொடங்கியிருப்பார்.